தேவதாருவுக்கு வைத்த உறவு

துர்சுனின் சட்டையைத் துவைக்க எடுத்த தெவ்லெத், அதை வாளியில் போடாமல் மூக்கருகே கொண்டுபோனாள். தச்சன் பெண்டாட்டிக்கு மூக்குதான் ஒற்றன். கல்யாணமான நாள்முதல் அந்தச் சட்டைகளை அலசி அலசி, அன்றைக்கு அவன் எந்த மரத்தில் கை வைத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வேலை செய்வது அக்ரூட் மரத்தில் மட்டும்தான். பள்ளிவாசலில் இமாம் ஏறி நின்று பேசும் மிம்பர் மேடைக்காக, ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் நட்சத்திரத் துண்டுகள். அக்ரூட்டின் வாசனை லேசாகக் கசக்கும். சட்டையில் இருந்ததோ தேவதாரு. அதுவும் காய்ந்த தேவதாரு இல்லை, அப்போதுதான் கோடாலி பட்டதுபோல் பிசின் வழியும் பச்சை மரம். தேவதாருத் தூண்களையெல்லாம் போன வருஷமே நட்டு முடித்தாயிற்று. கரகோல் ஊரில் இப்போது பச்சைத் தேவதாரு ஒரு குச்சிகூடக் கிடையாது.

சட்டையின் நெஞ்சுப் பக்கம் காய்ந்திருந்தது. முதுகுப் பக்கம்தான் ஈரம், தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே அகலத்தில், கோடு போட்டதுபோல். எதன்மீதோ வெகுநேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனின் சட்டை அது. தெவ்லெத்துக்குப் பயம் வந்தது. பழைய பயம்தான். பிள்ளை இல்லாதவளின் பயம். ஊர்க் குளியல் கூடத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே பெண்கள் பேசியது அவள் காதுக்கும் வந்திருந்தது: "தச்சு உஸ்தா துர்சுனுக்கு இன்னொருத்தியக் கட்டி வெச்சா என்னவாம்? எத்தன நாளு இவளையே பாத்துட்டு இருப்பாரு?"

அன்று அந்தியில் அவன் வந்ததும் தர்ஹானாக் கஞ்சியை முன்னால் வைத்தாள். அவன் தரையில் பதித்த தந்தூர் அடுப்புக் குழியின் மேல் விரித்த ரஜாய்ப் போர்வைக்குள் கால் நீட்டாமல், வாசலோரம் குளிர் வீசும் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஏன்யா, அனல் பக்கம் வரமாட்டியா?"

"ஒத்துக்கல."

"முதுகெல்லாம் ஏன் ஈரமா இருந்துச்சு?"

"பனியில வந்தேன்ல."

"உனக்குப் பனி முதுகுல மட்டும்தான் பெய்யுமா?"

அவன் கஞ்சியை நகர்த்திவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தான். குடித்தான். மறுபடி மொண்டான். தொண்டைக்குள் இறங்கும் சத்தமே கேட்கவில்லை. வறண்ட மண்ணில் ஊற்றியதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. மூன்றாம் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா சிரித்தான். அந்தச் சிரிப்பு தனக்கானது இல்லை என்று தெவ்லெத்துக்கு உடனே தெரிந்துபோயிற்று.

யாராக இருக்கும்? குளியல் கூடத்துக்கு விறகு போடும் விதவையா? அவளுக்கு வாயில் பாதிப் பல் இல்லை. மீன்காரன் தங்கையா? அவள் ஊரைவிட்டுப் போய் மாதமாகிறது. மீதிப் பேர்களையும் ஒவ்வொருத்தியாக மனசுக்குள் நிறுத்தி, தலைமுதல் கால்வரை பார்த்து, கழித்துத் தள்ளினாள். ஒருத்திமீதும் பச்சை மர வாசனை இல்லை. அதுதான் அவளை இன்னும் பதறவைத்தது. முகம் தெரிந்த எதிரியாக இருந்தால் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருப்பாளே!

மறுநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் முடிந்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போனாள். கூரை போட்ட பிறகு அந்தப் பள்ளிவாசலுக்கு அது முதல் குளிர்காலம். ஏரிக்கரை மண் கல்லின் கனத்தைத் தாங்காது என்று தலைமைக் கொத்தன் சொன்னதால், வாசலையும் சுற்றுச்சுவரையும் மட்டும் கல்லில் கட்டி, உள்ளே முழுக்கத் தேவதாருத் தூண்களை நட்டு, மேலே தட்டையாக மண்கூரை போடச் சொல்லியிருந்தார் ஊரை ஆளும் அமீர். தெற்கு மலையில் வெட்டி, எருதுகள் இழுத்துவந்து, ஒரு வருஷம் ஏரிக்குள் ஊறப்போட்ட மரங்கள். கூரையின் நடுவில் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய திறப்பு. அதற்கு நேர்கீழே, தரையில், ஆள் உயரத்துக்குக் குழி. பாங்கு சொல்லும் மோதினார் கூரைப் பனியைத் தள்ளித் தள்ளித் திறப்பு வழியாகக் குழிக்குள் போடுவார். அது கோடைவரை மெதுவாக உருகும், அந்த ஈரத்தில் தூண்கள் வெடிக்காமல் இருக்கும். மரத்துக்குக் குடிக்கத் தண்ணி வெச்ச பள்ளிவாசல் என்று ஊரே பெருமை பேசியது. தெவ்லெத்துக்கும் அந்தப் பெருமை இருந்தது. பாதித் தூண்களுக்கு உச்சியில் தலைப்பூ செதுக்கியது அவள் புருஷன்தான்.

செருப்பைக் கழற்றி உள்ளே காலடி வைத்ததும் குளிர் உள்ளங்காலில் ஏறியது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. உள்ளேயோ தூண்களுக்கு நடுவே இருட்டு நிறைந்து, நடுத் திறப்பிலிருந்து இறங்கிய சாம்பல் வெளிச்சம் மட்டும் குழிப் பனியின்மேல் சதுரமாகக் கிடந்தது, அதைச் சுற்றி நின்ற தூண்களின் சிவப்புச் சாயம் கருத்துத் தெரிந்தது, எங்கோ ஒரு சொட்டு விழுந்து நின்று, நின்று மறுபடி விழுந்தது, கம்பளியின் ஈரவாடைக்கும் விளக்குகளின் எண்ணெய் வாடைக்கும் மேலே, அவள் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த அந்த வாடை எழுந்து நின்றது. பச்சைத் தேவதாரு. குழியோரத்துத் தூணில் முதுகைச் சாய்த்து துர்சுன் உட்கார்ந்திருந்தான். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ம்... ம்... இல்ல, நாளைக்கும் வர்றேன்... அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?... சொன்னாப் புரிஞ்சுக்கவா போறா?"

பேச்சுக்கு நடுவே நிறுத்தினான். பதில் கேட்கும் அளவுக்கு நிறுத்தினான். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தான்.

தெவ்லெத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேய்க்கும் பிசாசுக்கும் அப்போது அவள் பயப்படவில்லை. வேறொருத்தியிடம் தன்னை 'அவ' என்று சொல்கிறானே, அந்தச் சொல்தான் நெஞ்சில் குத்தியது. ரொட்டி முடிச்சைக் கீழே போட்டுவிட்டுத் தூணைச் சுற்றி வந்தாள். பின்னால் ஆள் இல்லை. அடுத்த தூணுக்குப் பின்னாலும் இல்லை. பெண்கள் தொழும் மாடத்திலும் இல்லை. துர்சுன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். திருடனைப்போல் எழவில்லை, அசதியாக எழுந்தான். அவன் முதுகு தூணைவிட்டு விலகியபோது உரித்தெடுத்ததுபோல் மெல்லிய சத்தம் வந்தது. அவன் சாய்ந்திருந்த இடத்தில் மரம் ஈரமாக மினுங்கியது. ஒரு வருஷம் தண்ணீரில் ஊறி, ஒரு வருஷம் காய்ந்து, சாயம் பூசிய மரத்தில் புதுப் பிசின் முத்துமுத்தாகத் துளிர்த்து நின்றது.

"யாரோட பேசிட்டிருந்த?"

"யாருமில்ல புள்ள. வா, வீட்டுக்குப் போலாம்."

அவர்கள் திரும்பி நடந்தார்கள். பின்னால், மரத்துக்குள்ளிருந்து, ஒற்றைச் சத்தம். 'டொக்.' கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் விரலால் தட்டுவதுபோல். துர்சுனின் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு அவன் வேகமாக நடந்தான்.

அடுத்த நாள் காலையில் அவள் நேரே மோதினார் ஹலீலிடம் போனாள். அவர் கூரையில் பனி தள்ளிவிட்டு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழியோரத்துத் தூணு யாரோட உறவு?" என்று கேட்டாள்.

அது அந்த ஊரில் வினோதமான கேள்வி இல்லை. தெற்கு மலைத் தேவதாருவை யாரும் சும்மா வெட்டுவதில்லை. கோடாலி வைக்கும் முன் அடிமரத்தில் கையை வைத்து, 'நீ எனக்கு இன்ன உறவு, உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப்போறேன்' என்று சொல்ல வேண்டும். நாதியில்லாத மரம் முதல் கோடையிலேயே வெடித்துவிடும். அதனால் பள்ளிவாசலின் தூண் ஒவ்வொன்றும் யாருக்கோ ஏதோ ஒரு உறவு. ஒரு தூண் கொல்லனுக்கு மாமியார். கொல்லன் அந்தப் பக்கம் காலை நீட்டி உட்காரமாட்டான் என்று ஊரே கேலி செய்யும்.

ஹலீல் சிரித்தார். "எங்க அத்தை அதோ மூலையில நிக்கிது, அதக் கேளு, சொல்றேன். இது உன் புருஷன் வெட்டுன மரம். எல்லாப் பயலும் பெருமையாச் சொல்லுவான், அவன் மட்டும் வாயத் திறக்கல. கேட்டா முழிக்கிறான். வெட்டும்போது மலைக்காரங்க கூட இருந்தாங்கல்ல? குமுஷக் கேளு."

குமுஷ் மரம்வெட்டிகளின் தலைவி. புருஷன் செத்தபின் கோடாலியை அவளே எடுத்துக்கொண்டவள். குளிர்காலத்துக்கு மலையிலிருந்து இறங்கி, ஏரிக்கரையில் கம்பளிக் கூடாரம் போட்டுத் தார் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தாள். தெவ்லெத் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"உன்கிட்ட அவன் சொல்லவே இல்லியா?"

"சொல்லியிருந்தா ஏன் இந்தப் பனியில உன் கூடாரத்துக்கு வர்றேன்?"

குமுஷ் தார்ச் சட்டியின் கீழிருந்த கட்டையை இழுத்துத் தீயைக் குறைத்தாள். "அந்த மரம் விழவே மாட்டேன்னுச்சு. அம்மான்னு சொன்னான், நகரல. மகளேன்னு சொன்னான், கோடாலிதான் உடைஞ்சுது. எல்லாரும் கேலி பண்ணுனாங்க. இவனுக்கு ரோஷம் வந்துருச்சு. கட்டிப்புடிச்சு, 'போடி, நீ எனக்குப் பொண்டாட்டி, வர்றியா இல்லியா'ன்னான். அடுத்த வெட்டுக்கே சாஞ்சுது. அவன் பக்கமாவே சாஞ்சுது, இழுத்து நகத்துனோம்."

"விளையாட்டுக்குச் சொன்னான்..."

"சாட்சி வெச்சுச் சொன்னான். நாங்க நாலு பேரு நின்னோம். பொண்ணுக்குத் தர்ற மஹரும் கொடுத்தான்மா. மடியிலருந்து ஒத்தை வெள்ளித் தோடு எடுத்து மரத்து வெட்டுல வெச்சு அடிச்சான்."

தெவ்லெத்தின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. இரண்டு வருஷம் முன்னால் தன் தோடுகளில் ஒன்று காணாமல் போனபோது அவள் வீட்டையே தலைகீழாகக் கொட்டித் தேடினாள். அழுதாள். கூடவே குனிந்து அவனும் தேடினான். விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலைமூலையாகத் தேடினானே, பாவி! அவள் கண்ணில் நீர் வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

"என்ன உறவு வேணா சொல்லலாம்," என்றாள் குமுஷ். "பொண்டாட்டின்னு மட்டும் சொல்லக் கூடாது. எங்க சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அம்மா ஒரு நாளு விட்டுக் கொடுத்துருவா. மக புருஷன் வீடு போயிருவா. பொண்டாட்டி விடுவாளா? நீ விடுவியா?"

"நான் ஏன் விடணும்?"

"அதேதான். அவளும் அதத்தான் கேப்பா. அந்தக் குழியில தண்ணி இருக்கற வரைக்கும் அவளுக்கு உசுரு இருக்கும். அவளோட வம்பு வெச்சுக்காத. இங்க பாரு, உறவுன்னு ஒண்ணு ஆயிட்டா..."

தெவ்லெத் மீதியைக் கேட்க நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தண்ணி இருக்கற வரைக்கும். குமுஷ் பின்னாலேயே கூடாரத்துக்கு வெளியே வந்து ஏதோ கத்தினாள். ஏரிக்காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று.

வீட்டில் துர்சுன் வாசலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் கதவைச் சாத்திக்கூட வைக்கவில்லை.

"தலாக் சொல்லு."

அவன் திடுக்கிட்டான். "உனக்கா?"

"எனக்கு எதுக்கு? அவளுக்கு. உன் கட்டைக்கு. மூணு தடவ சொல்லித் தொலச்சுட்டு வா."

துர்சுன் முகத்தில் ஒன்றும் ஒளிக்கும் தெம்பு இல்லை. "சொல்லப் போனேன் தெவ்லெத்து. முதல் பனி விழுந்த அன்னிக்கே போனேன். விளையாட்டுக்குச் சொன்னது, மன்னிச்சுருன்னு கேக்கத்தான் போனேன். சொல்ல வர்றப்போ..." அவன் வாயைத் திறந்து காட்டினான். மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே பொன்னிறத்தில் பிசின் நூல் நீண்டது. நாக்கு அதில் ஒட்டி, இழுபட்டு, விடுபட்டது.

அவள் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். பயந்தாள். ஆனால் பயத்துக்கு அடியில் அதைவிடச் சூடாக ஒன்று கொதித்தது. அந்த வாயில் அவள் போய் உட்கார்ந்திருக்கிறாளா? என் புருஷன் வாயிலா?

"உனக்கு அவளப் புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

அவன் உதட்டுப் பிசினை விரலால் வழித்தான். "அவ எதுவுமே கேக்கமாட்டேங்கறா," என்றான்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. இறைச்சிக்குத் தடவ வாங்கிவைத்திருந்த உப்பு மூட்டை வீட்டு மூலையில் இருந்தது. தினமும் தொழுகைக்கும் தொழுகைக்கும் நடுவே, பள்ளிவாசல் காலியாகும் நேரம் பார்த்து, மடி நிறைய உப்பைக் கட்டிக்கொண்டு போனாள். குழிப் பனியைக் கையால் தோண்டி உள்ளே கொட்டினாள், மேலே மூடினாள். தந்தூர் அடுப்பிலிருந்து சாம்பலோடு கங்குகளை மண்சட்டியில் அள்ளிப்போய்த் தூணின் கல்பீடத்துக்குப் பக்கத்தில் புதைத்தாள். துர்சுனை வீட்டைவிட்டு விடவில்லை. காய்ச்சல் என்று மிம்பர் வேலைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அவனும் எதிர்க்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டான். அதையும் அளந்துதான் கொடுத்தாள். அவன் நனைந்தால் அந்தத் தூணுக்காரிக்குத்தான் கொண்டாட்டம் என்று ஒரு நினைப்பு.

குழி உள்ளுக்குள் இளகியது. மேலே வெள்ளையாக இருந்த பனி நடுவில் குழிந்து, ஓரம் கருத்து, ஒரு நாள் பொத்தென்று அமுங்கியது. "என்னடா இது, வெடவெடன்னு குளிருது, குழி மட்டும் உருகுது," என்று ஹலீல் தாடியைச் சொறிந்தார். பனியும் அந்த வாரம் பெய்யவில்லை. கூரையில் மிஞ்சியிருந்ததும் குறைவு. வானம் வெளிறி, வறண்டு கிடந்தது. தூணில் பிசின் துளிர்ப்பது நின்றது. பச்சை வாசனை மங்கியது. தெவ்லெத் தூணுக்கு நேரே நின்று, அதன் செதுக்கிய தலைப்பூவை அண்ணாந்து பார்த்தாள். புருஷன் கைவேலை. மற்றத் தூண்களைவிட அதில் பூ ஒரு வரிசை அதிகம். இத்தனை நாள் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"காஞ்சு சாவுடி," என்றாள்.

மரம் முனகியது. மேலிருந்து. மெதுவாக. அடிவயிற்றிலிருந்து இழுத்து வரும் முனகல். தெவ்லெத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயத்தின்மேல் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியது. பூவிலிருந்து கீழே. கீழே. அவள் கண் மட்டத்துக்கு. இடுப்புக்கு. பீடத்துக்கு. பிறகு சட்டென்று, கட்டைவிரல் நுழையும் அகலத்துக்கு வெடித்தது.

அவள் தெருவெல்லாம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வழியில் தனக்குத்தானே சிரித்தாள், பார்த்தவர்கள் என்ன என்று கேட்கும்படி. ஜெயித்துவிட்டாள். இனி அவன் முழுசாக அவளுக்குத்தான். கொழுப்பு ஊற்றிக் கோதுமைச் சோறு பொங்க வேண்டும், திராட்சைப் பாகு எடுக்க வேண்டும், இன்றைக்கு அவனை ரஜாய்க்குள் இழுத்து உட்காரவைக்க வேண்டும்.

துர்சுன் ஏற்கெனவே தந்தூர் பக்கம் உட்கார்ந்திருந்தான், அவளுக்கு முதுகு காட்டி.

"பாத்தியா, அனல் ஒத்துக்கிச்சு," என்றாள் தெவ்லெத்.

"தண்ணி," என்றான்.

குரல் சரியில்லை. உலர்ந்த பலகை இரண்டு உரசுவதுபோல். அவள் அருகே போனாள். அவன் திரும்பினான்.

நெற்றியில் கோடு. நேராக. மூக்கின்மேல். உதட்டைப் பிளந்து. மோவாய். தொண்டை. ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. அவள் கையை வைத்துச் சட்டையைக் கிழித்தாள். நெஞ்சின் நடுவே கோடு போயிற்று, தொப்புளுக்கு, இன்னும் கீழே. ஓரங்கள் காய்ந்து மடிந்திருந்தன. உள்ளே தெரிந்தது சதை இல்லை. செம்மஞ்சள். வளையம் வளையமாக. தேவதாருவின் உள்மரம்.

"டொக்," என்றது அவன் தோள்பட்டை. அங்கேயும் பிளந்தது.

குமுஷ் காற்றில் கத்தியது என்னவென்று அப்போது அவளுக்குக் கேட்டது. இத்தனை நாள் கழித்து, வார்த்தை வார்த்தையாக. அவளுக்கு வலிச்சா அவனுக்கும் வலிக்கும்டி.

"அல்லாஹ்வே! ஐயோ, என் புருஷா!" குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவன்மேல் கொட்டினாள். உறிஞ்சிக்கொண்டது. பிளவு மூடவில்லை. விறகு இழுக்கும் பலகையில் அவனைச் சாய்த்து, கயிற்றைத் தோளில் போட்டுப் பனித் தெருவில் இழுத்தாள். அவன் கனமே இல்லை. காய்ந்த கட்டை எப்படி இருக்கும், அப்படி. பலகை குலுங்கும்போதெல்லாம் அவனுக்குள் ஏதோ முறிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கூரைமேல் ஹலீல் மட்டும் ஓரத்துப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க!" என்று கீழிருந்து அலறினாள். "இருக்கற பனியெல்லாம் குழிக்குத் தள்ளுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"என்னம்மா ஆச்சு?"

"தள்ளுங்கன்னா!"

உள்ளே இழுத்துப்போய்க் குழியில் இறக்கினாள். கறுத்த, உப்புக் கரைந்த சேறு முழங்கால்வரை. மேலே திறப்பிலிருந்து பனி கட்டிகட்டியாக விழுந்தது. அவன்மேல் அள்ளி அள்ளிப் பூசினாள். முகத்தில். நெஞ்சுப் பிளவுக்குள். அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

தூணின் வெடிப்பு அகன்றிருந்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம். உள்ளே இருட்டு. ஈரம். அந்த வாசனை.

துர்சுன் எழுந்தான். தூக்கத்தில் நடப்பவன்போல் குழியோரத்தில் ஏறினான். தெவ்லெத் பின்னாலேயே ஏறி அவன் மணிக்கட்டை இரு கையாலும் பிடித்தாள். "போகாத. நான் உப்புப் போடமாட்டேன். எதுவும் கேக்கமாட்டேன். சத்தியமாக் கேக்கமாட்டேன்யா." அவன் ஒரு தோள் உள்ளே போயிற்று. தலை போயிற்று. அவள் இழுத்தாள். உள்ளேயிருந்தும் ஒருத்தி இழுத்தாள். அவசரமில்லாமல், உரிமையோடு இழுத்தாள். தெவ்லெத்தின் விரல்களுக்குள் மணிக்கட்டு வெடிக்கத் தொடங்கியது, நார் நாராக, தோள்வரை. இன்னும் இழுத்தால் அவன் இரண்டாகிவிடுவான்.

அவள் விட்டுவிட்டாள்.

வெடிப்பு மூடிக்கொண்டது. மேலிருந்து கீழே, தைத்ததுபோல். சாயம்கூடச் சேர்ந்துவிட்டது. ஆள் உயரத்தில், முன்பு இல்லாத இடத்தில், மரத்தில் ஒரு கணு தெரிந்தது. அது ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது அது கண்போல் ஒரு தடவை மூடித் திறந்தது.

தெவ்லெத் அப்படியே மண்டியிட்டாள். கணுவின் ஓரத்தில் மறுபடியும் மெல்லிய கோடு, மயிரிழைதான், விரிசலிட ஆரம்பித்தது. அப்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. இளங்குரல். மரியாதையான குரல்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பனி போடுங்க. அவருக்குக் காயுது."

மேலே ஹலீலின் பலகை நின்றது. திறப்பில் அவர் தலை கறுப்பாக எட்டிப் பார்த்தது. "யாரும்மா அது, கீழ உன்கூட?"

கோடு கணுவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கணு துடித்தது.

"தங்கச்சி," என்றாள் தெவ்லெத். "என் தங்கச்சி. நீங்க தள்ளுங்க."

பனி விழுந்தது. அவள் அதை மடியில் வாரி, தூணின் அடியில் அணைத்து, கணுவின்மேல் உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். கணு அவளைப் பார்க்கவில்லை. உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.